பூத்ததும் காறியதும்

கெட்டுப்போவதற்குத் தமிழில் ஒரு சொல் போதவில்லை. சோறு ஊசும். எண்ணெய் காறும். முறுக்கு நமத்துப்போகும். மாவு புளிக்கும். ஊறுகாய் பூசணம் பூக்கும். எண்ணெயில் பொரித்த பண்டத்தை மூடிவைத்து ஒரு மாதம் கழித்துத் திறந்தால் வருவது சிக்கு வாடை. பழம் அழுகும், கீரை வதங்கும், அரிசியில் வண்டு விழும். இவற்றில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. 'எண்ணெய் ஊசிவிட்டது' என்று ஒருவன் எழுதினால் அவனுக்குத் தமிழ் தெரியாது, அல்லது எண்ணெய் தெரியாது. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு பரிசோதனை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஊசியது விரலில் நூல்விடும். நமத்ததைக் காது சொல்லும், கடித்தால் சத்தம் வராது. சிக்கு மூக்கின் அதிகாரத்துக்கு உட்பட்டது. காறல் நாக்கைக் கூடத் தாண்டிப் போய்த் தொண்டையில் உட்கார்ந்துகொண்டு தன்னை அறிவிக்கும்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: ஸ்டேல். காசோலையில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம் கடந்தால் அது ஸ்டேல். 2012 ஏப்ரல் 1க்கு முன்பு இந்த அவகாசம் 6 மாதமாக இருந்தது. ரிசர்வ் வங்கி அதைப் பாதியாக்கியது. ஸ்டேல் ஆன காசோலையில் கையெழுத்து அதேதான். கணக்கில் பணம் இருக்கும். தாள்கூடக் கசங்கியிருக்காது. நேற்று நல்லதாக இருந்தது, இன்று இல்லை. அதைத் தடவிப் பார்க்கவோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவோ வேண்டாம். தீர்ப்பு காலண்டருடையது, கவுண்டரில் இருப்பவனுடையதல்ல. ஒரு குமாஸ்தாவுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது குமாஸ்தாவாக இருப்பவனுக்குத்தான் தெரியும். இந்த நிம்மதியைச் சமையலறைக்கும் இலக்கியத்துக்கும் நீட்டிக்கொள்ள விரும்புகிறவர்களைப் பற்றித்தான் எனக்குப் புகார். இலக்கியம் பற்றி இந்தப் பக்கங்களில் போதுமான அளவு சண்டை போட்டாயிற்று. இந்தத் தடவை சாக்லெட்.

அக்கா செங்கம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், வாடகை வீட்டின் பின்கட்டில், கேக் செய்து விற்கிறாள். மாமா போன பிறகு ஆரம்பித்தது. அதுதான் வீட்டு வாடகை, அதுதான் பெண்ணின் காலேஜ் ஃபீஸ். கார்த்திகை தீபம் முதல் மாசி வரையில் ஆசிரமப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். அவர்களை நம்பி முளைத்த சிறு கஃபேக்கள் அவளுடைய பெரிய வாடிக்கை. மிச்ச மாதங்களில் உள்ளூர்ப் பிறந்தநாள்கள். இரண்டு வகையிலும் சர்க்கரை வேண்டாம் என்பவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கொள்கை காரணமாக, நம்மவர்கள் டாக்டர் காரணமாக. இதனால் சர்க்கரை இல்லாத சாக்லெட் கட்டி, கிலோக் கணக்கில், எங்கள் குடும்ப விவகாரம் ஆகிவிட்டது.

சர்க்கரை இல்லாதது என்று கேட்டால் கடையில் இரண்டு வேறு வஸ்துக்கள் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன. இதை முதலில் பிரித்துக்கொள்ளாவிட்டால் மேலே பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஒன்று, கோகோ விதையைப் புளிக்கவைத்துக் காயவைத்து வறுத்துத் தோல் நீக்கி அரைத்த விழுதை அப்படியே உறையவைத்தது. வேறெதுவும் இல்லை. அதில் பாதிக்குச் சற்று மேல் கொழுப்பு, கோகோ வெண்ணெய் என்கிறார்கள், மீதி கசப்பு. இன்னொன்று, சர்க்கரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மால்டிடால் மாதிரி ஒன்றைப் போட்டது. 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இல்லாவிட்டால் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டுக்கொள்ளலாம் என்கிறது 2018ஆம் வருஷத்து விதி. மால்டிடால் சட்டப்படி சர்க்கரை அல்ல. ஆனால் சர்க்கரையின் இனிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அதற்கு உண்டு, கலோரியில் ஏறக்குறைய பாதி உண்டு, ரத்தத்திலும் அது கொஞ்சம் ஏறத்தான் செய்யும். நிறையத் தின்றால் வயிற்றைக் கலக்கும், அதை உறையிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. உறவினர் ஒருவர் அன்போடு வாங்கிவந்த 'சுகர் ஃப்ரீ' சாக்லெட்டை அவர் ஒரு சாயங்காலம் முழுசாக முடித்தார். குளுக்கோமீட்டர் 'ஃப்ரீ' என்ற சொல்லை மதிக்கவில்லை.

ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியை நாம் ஏளனமாகவே பயன்படுத்திவருகிறோம். அதில் ஏளனம் இருப்பதாக எனக்குப் படவில்லை. இது இலுப்பைப்பூ, இதைச் சர்க்கரையாக வைத்துக்கொள்கிறோம் என்று அந்த ஊர் பெயர் சொல்லித்தான் கொடுக்கிறது. இப்போதைய சாமர்த்தியம் பெயரைச் சொல்லாமல் கொடுப்பது. வேடிக்கை என்னவென்றால் இலுப்பை சாக்லெட்டுக்குள்ளேயே வேறொரு வாசல் வழியாக நுழைந்திருக்கிறது. கோகோ வெண்ணெய் தவிர வேறு என்னென்ன கொழுப்புகளை, 5 சதவீதத்துக்கு மிகாமல், சாக்லெட்டில் சேர்க்கலாம் என்று ஐரோப்பியர்கள் 2000இல் ஒரு பட்டியல் போட்டார்கள். ஆறு பெயர்கள். அதில் ஒன்று 'இல்லிப்பே'. கொழுப்பு போர்னியோக் காட்டு மரத்தினுடையது. பெயர் மட்டும் நம் கோயில் விளக்கில் எரிந்த இலுப்பை எண்ணெயிலிருந்து கப்பலேறிப் போனது.

இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது. அரைத்த கோகோ, வேறெதுவுமில்லை. கோகோ நமக்கு அவ்வளவு அந்நியமும் அல்ல. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் நட்டுப் பார்த்தார்கள். பெரிய அளவில் பயிரானது 1965க்குப் பிறகு, காட்பரி கம்பெனி தன் தேவைக்காகக் கேரளத்தில் ஊக்குவித்ததிலிருந்து. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னையின் நிழலில் அது ஊடுபயிர். விதையை அங்கேயே அரைத்துக் கட்டியாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஆரோவில்லிலும் இருக்கிறார்கள். அக்காவின் கட்டி பொள்ளாச்சித் திசையிலிருந்து பார்சலில் வருகிறது. அதாவது, சித்திரை மாதத்தில் தகரக்கூரை கோடவுன்களிலும் லாரியின் வயிற்றிலும் இரண்டு மூன்று நாள் கிடந்து வருகிறது.

இங்கேதான் பௌதிகம் குறுக்கே வருகிறது. கோகோ வெண்ணெய் மனித உடம்பின் சூட்டுக்குச் சற்றுக் கீழே, 34 டிகிரி சுமாருக்கு, உருகுகிறது. சாக்லெட் வாயில் கரைகிற அந்த சுகம் முழுக்க இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. மலையடிவாரத்தில் கத்தரி வெயில் 40 டிகிரியைத் தொடுகிறபோது அலமாரியே ஒரு வாய். கட்டி உள்ளே உருகுகிறது, ராத்திரி தன்பாட்டுக்கு உறைகிறது. இந்தக் கொழுப்பு உறைவதற்கு ஆறு படிக வடிவங்கள் உண்டு என்று வில்லி, லட்டன் என்ற இருவர் 1966இல் வரிசைப்படுத்தினார்கள். பட்டறைக்காரன் சூட்டையும் குளிரையும் அளந்து கொடுத்து ஐந்தாவது வடிவத்தில் அதை நிறுத்துகிறான். அதுதான் பளபளப்பு, அதுதான் ஒடித்தால் 'டக்'கென்று கேட்கும் சத்தம். யாரும் அளந்து கொடுக்காமல் வெயில் தன்னிஷ்டத்துக்கு உருக்கி உறையவைத்தால் கொழுப்பு மேலே ஏறி, தாறுமாறான படிகங்களாகப் படர்ந்து, கட்டியின் மேல் சாம்பல் வெள்ளையாக ஒரு படலம் விழுகிறது.

சென்ற சித்திரையில் வந்த கட்டி அப்படித்தான் வந்தது. கேக் ஆர்டர் பேச வந்த ஒரு கஃபே முதலாளி — உள்ளூர்க்காரர்தான் — மேஜையில் பிரித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "பூஞ்சை புடிச்சதப் போட்டா கேக்கு பண்றீங்க?" என்று கேட்டார். அக்கா விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார். அடுத்த வாரத்திலிருந்து ஆர்டர் வரவில்லை.

அந்த மனிதரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணில் பட்டதற்கு அவரிடம் இருந்த சொல் பூஞ்சை. சாக்லெட்டின் இந்த நோய்க்கு நம் மொழியில் புழங்கும் சொல் கிடையாது. ஆங்கிலத்தில் அதைப் பூப்பது என்றே சொல்கிறார்கள். நமக்கும் பூக்கிறது, ஆனால் பூசணம் பூக்கிறது, அங்கேதான் குழப்பம். திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு இதற்குச் சொல் தேடி அலைய வேண்டுமா என்ன? நீறு பூத்த நெருப்பு என்கிறோமே. நீறு, எரிந்த பொருளின் உடம்பிலிருந்தே வந்து அதன் மேல் படிந்தது. வெளியிலிருந்து வந்து குடியேறியதல்ல. பூசணம் வேறொரு உயிர், பொருளைத் தின்ன வந்தது. சாக்லெட்டின் மேல் வெளுத்திருப்பது அதன் சொந்தக் கொழுப்பு. இந்தக் கட்டி நீறு பூத்திருக்கிறது என்று சொன்னால் கெட்டுவிட்டது என்றும் ஆகாது, ஒன்றும் நடக்கவில்லை என்றும் ஆகாது. உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று ஊதிப்பார் என்றுதான் அந்தச் சொல் சொல்கிறது.

எப்படி ஊதிப் பார்ப்பது? விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் சூட்டிலேயே படலம் குழைந்து மறைந்து கறுப்பு மீளும். பூசணமானால் குழையாது, பஞ்சுபோல எழும்பி நிற்கும், ஈரமண்ணின் வாடை இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் கொழுப்பின் மேல் அது முத்தாக உருண்டு நிற்கும். சர்க்கரை போட்ட சாக்லெட்டில் இன்னொரு வெள்ளை உண்டு. ஈரம் பட்டுச் சர்க்கரை கரைந்து, காய்ந்தபிறகு மேலே பொரிந்து நிற்பது. அதில் சொட்டு பரவிவிடும், தடவினால் நறநறக்கும். மால்டிடால் போட்டதிலும் இது வரலாம். சர்க்கரையே சேர்க்காத கட்டியில் அதற்கு வழியில்லை. பொதுவாக நன்கு காய்ந்த சாக்லெட்டில் பூசணம் பிழைப்பதே கடினம், அதில் ஈரம் அத்தனை குறைவு. ஆக, இந்தக் கட்டியில் வெள்ளை கண்டால் பத்துக்கு ஒன்பது நீறுதான். கேக்குக்கு எப்படியும் உருக்கத்தானே போகிறோம், உருக்கினால் நீறு போய்விடும். அலங்காரத்துக்குச் சீவித் தூவ மட்டும் ஆகாது.

வைத்துக்கொள்ளும் முறை பற்றிப் புத்தகங்கள் சொல்வது: 15லிருந்து 18 டிகிரி, காற்றில் ஈரம் பாதிக்கு மேல் போகாமல், இருட்டு. இப்படி ஓர் அறை இந்த ஊரில் யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. "உங்க பேங்குல ஒரு லாக்கர் எடுத்து அதுல வெச்சா என்னடா?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். எங்கள் லாக்கர் அறைக்குள் மே மாதம் போயிருந்தால் கேட்டிருக்க மாட்டாள். மிஞ்சுவது ஃபிரிஜ். ஃபிரிஜ்ஜில் சாக்லெட்டுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஈரம். குளிர்ந்த கட்டியை வெளியே எடுத்து உடனே பிரித்தால் வெளிக்காற்று அதன் மேல் வியர்க்கும். அந்த வியர்வையோடு உருக்கினால், இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும், பளபளவென்று ஓட வேண்டிய சாக்லெட் மண்ணாங்கட்டியாகத் திரண்டுவிடும்.

இரண்டாவது எதிரி வாசனை. கொழுப்புக்குத் தன்மானம் குறைவு; பக்கத்தில் இருப்பவன் வாசனையை எடுத்துக்கொண்டுவிடும். கிராஸ் நகரத்து வாசனைத் தைலக்காரர்கள் மல்லிகையைக் கொழுப்புப் பூசிய கண்ணாடியின் மேல் அடுக்கி அதன் மணத்தைத் திருடினார்கள். நம் வீட்டு ஃபிரிஜ்ஜில் முழம் மல்லிகையை நனைத்த துணியில் சுற்றி வைப்பதும், பக்கத்தில் சாக்லெட்டை வைப்பதும் அதே தொழில்தான், கண்ணாடி மட்டும் இல்லை. பூ, நேற்றைய சாம்பார், திறந்த இட்லி மாவு, அரைத்து மிஞ்சிய இஞ்சி பூண்டு. ஒரு தடவை ஒரு கேக்கில் பெருங்காயம் வந்தது. தின்றவர் வெளிநாட்டுக்காரர், இந்திய மசாலா என்று பாராட்டினார் என்று அக்கா சொல்வாள். இதை நான் நம்பவில்லை.

அக்காவின் முறை இது. கட்டி வந்த அன்றே ஒரு தடவைக்கு வேண்டிய அளவாக உடைத்துவிடுவாள். ஒவ்வொரு பங்கையும் பட்டர் பேப்பரில் சுற்றி, மேலே அலுமினியத் தாளை இறுக்கி, ரப்பர் வளையம் வைத்த எவர்சில்வர் சம்படத்தில் அடுக்கி, ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில், ஃப்ரீசருக்கு எட்டாத தூரத்தில். பூ வைக்கிற பழக்கத்தை நிறுத்தியாயிற்று. வேண்டும்போது முதல் நாள் ராத்திரியே சம்படத்தை எடுத்து மூடி திறக்காமல் மேடைமேல் வைத்துவிடுவாள். வியர்ப்பது சம்படத்தின் வெளிப்பக்கம், உள்ளே இருப்பதற்குத் தெரியாது. ஒவ்வொரு சம்படத்துக்குள்ளும் அன்றைக்குக் கிழித்த தினசரிக் காலண்டர் தாள் ஒன்று இருக்கும். நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன் எல்லாவற்றோடும். பேனா தேட வேண்டியதில்லை என்பது அவள் தரும் காரணம். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. கம்பெனிக்காரன் போட்ட தேதி கம்பெனியின் சுவருக்குள் உண்மை. கட்டி இந்த ஊர் வெயிலுக்குள் வந்து விழுந்த தேதி அந்தக் காலண்டர் தாளில்தான் இருக்கிறது.

உறையில் இருக்கும் தேதியை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. பாலும் சர்க்கரையும் இல்லாத இந்தக் கட்டி நல்ல இடத்தில் இருந்தால் 2 வருஷம் தாங்கும். கோகோ வெண்ணெயின் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. காற்று அதை அவ்வளவு சீக்கிரம் கடிக்க முடியாது. கோகோவின் கசப்புச் சத்துகளே அதற்குக் காவலும்கூட. தேதி இந்தக் கணக்கின் மேல் போடப்பட்டது. ஆனால் அந்தக் கணக்கில் 'நல்ல இடத்தில் இருந்தால்' என்ற நிபந்தனை இருக்கிறது. அதை யாரும் பெரிய எழுத்தில் அச்சடிப்பதில்லை. விற்பனைக்குச் செய்வதில் அக்கா தேதி தாண்டியதைத் தொடமாட்டாள். சட்டம், அத்தோடு பயம். தேதி தாண்டிய கட்டிகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஏழு மாதம் தாண்டிய ஒன்றைத் தின்றிருக்கிறோம், குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுபக்கம், விலை மலிவென்று ஒருமுறை வாங்கிய காம்பவுண்ட் கட்டி. காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பனையெண்ணெய் மரத்தின் கொட்டையிலிருந்து எடுத்தது. உறையில் இன்னும் 5 மாதம் பாக்கி. பிரித்தால் துணிதுவைக்கும் கல்லில் நிற்கிற மாதிரி சோப்பு வாடை. அந்தக் கொழுப்பும் தேங்காய் எண்ணெயும் ஒரே குலம். ஈரம் பட்டு உடைந்தால் சோப்பின் ஞாபகம் வராமல் இருக்காது, நல்ல சோப்புக்கும் அதுதானே மூலப்பொருள். கடைக்காரர் உறையைத் திருப்பித் தேதியைக் காட்டினார். கட்டியை முகர்ந்து பார்க்கச் சொன்னதற்கு, "அதெல்லாம் நம்ம வேலை இல்லீங்க" என்றார். எனக்கு ஒரு க்ஷணம் என் கவுண்டரில் நானே நிற்பது போலிருந்தது.

கசப்பு எப்போது கெடுதலாகிறது என்பதுதான் கடைசியில் கஷ்டமான கேள்வி. இனிப்பும் பாலும் இருந்தால் அவற்றின் மாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இது ஆரம்பத்திலிருந்தே கசப்பு. புதிதானாலும் முகம் சுளிக்கவைப்பதில் பழையதை எதை வைத்துச் சொல்வது? உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்து மூடி, சூடேறவிட்டு முகர வேண்டும். புதியதில் வறுத்த வாசனை ஓடிவரும், பின்னால் ஒரு பழப் புளிப்பு. நாள்பட்டதில் முதலில் அந்தப் புளிப்பு போகும், பிறகு வறுவல் போகும், கடைசியில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் வாடை. அதுவரை கெடவில்லை, வெறுமையாகிவிட்டது, அவ்வளவுதான். காறல் அதற்கும் அப்பால். கசப்பு நாக்கின் பின்பக்கம் வந்து, நின்று, போய்விடும். காறல் போகாது. துப்பிய பிறகும் தொண்டையைப் பிறாண்டிக்கொண்டிருக்கும்.

இந்த வித்தியாசத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. 2021இல், இரண்டாவது அலையில், அக்காவுக்குக் கொரோனா வந்து போனது. போகும்போது மூக்கை எடுத்துக்கொண்டு போனது. நாலு மாதம். கற்பூரத்தை மூக்கருகே பிடித்தாலும் சுவரைப் பிடித்த மாதிரி என்பாள். கேக் செய்பவளுக்கு அது கையில்லாத மாதிரி. அடுப்பில் தீய்வது தெரியாது, வெண்ணெய் காறியது தெரியாது. அந்த நாலு மாதம் உறைத் தேதிதான் அவளுக்கு மூக்கு. அது எவ்வளவு தூரம் போதும் என்று அவளுக்கே தெரியும், ராத்திரியில் தூக்கம் வராது. அப்பாவிடம் ஒரு துண்டைக் கொடுத்தாள். சர்க்கரை இல்லாததால் அவருக்குக் கொடுக்கக்கூடிய ஒரே சாக்லெட் அது.

அப்பா முப்பது வருஷம் மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதியவர். இந்த ஜில்லா மல்லாட்டை ஜில்லா. ஏலத்துக்கு முன்னால் சாக்கிலிருந்து ஒரு கை அள்ளி, காயைக் காதருகே வைத்துக் குலுக்குவார்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் பருப்பு உள்ளே சலசலக்கும், ஈரமானால் ஊமை. உடைத்து, பருப்பின் தோலைத் தேய்த்து, ஒன்றைக் கடித்து, உடனே விழுங்காமல் வாயில் வைத்திருப்பார்கள். அந்த வைத்திருத்தல்தான் வித்தை. அப்பா சாக்லெட் துண்டை அப்படியே கடித்தார், வைத்திருந்தார். அவர் வாழ்க்கையில் அதுவரை சாக்லெட்டைப் பற்றி அபிப்பிராயம் சொன்னதில்லை. "கசக்குது. சிக்கு இல்ல. போன வருசத்து சரக்கு, ஆனா காய வெச்சவன் ஒழுங்கா காய வெச்சிருக்கான்" என்றார். உறையைப் பார்த்தோம். 11 மாதத்துக்கு முந்திய தயாரிப்பு.

பிறகு அந்த நாலு மாதமும் அவர்தான் பார்த்தார். ஒரு கட்டியை வேண்டாமென்று ஒதுக்கினார், அது நீறு பூக்காமல் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்த கட்டி. "மல்லாட்டை எண்ணெய் திண்ணையில கெடந்த வாடை" என்றார். அக்கா மறுபேச்சில்லாமல் தூக்கிப்போட்டாள். மண்டிப் பேச்சு அப்படியே சாக்லெட்டுக்குப் பொருந்தியதில் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. யோசித்தால் ஆச்சரியமில்லை. இரண்டும் எண்ணெய் வித்து, இரண்டும் காற்றால்தான் கெடுகின்றன. கடலை எண்ணெய் சீக்கிரம் கெடும், கோகோ வெண்ணெய் மெதுவாகக் கெடும், பாதை ஒன்று.

மூக்கின் பெருமையைப் பேசும்போது அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இயற்கை வைத்தியக்காரர்கள் என்னைத் தங்கள் மேடையில் ஏற்றிவிடுவார்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துவிழுந்தன. காரணம் அவற்றுக்குப் போட்ட கடலைப் புண்ணாக்கில் ஒரு பூசணம் விட்டுச்சென்ற விஷம். அஃப்ளடாக்ஸின் என்று பிறகு பெயர் வைத்தார்கள். பருப்பு பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே அது உள்ளே இருக்கலாம். எந்த மண்டிக்காரனின் நாக்கும் அதைப் பிடிக்காது, பரிசோதனைச் சாலைதான் பிடிக்கும். அப்பாவுக்கு இது தெரியும். "கடிச்சிப் பாக்கறது வெலைக்கி, உசுருக்கு இல்ல" என்பார்.

1959இல் ஆரம்பித்த 'எழுத்து' இதழின் பழைய பிரதிகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. தாள் பழுத்து ஓரம் பொடியாகிறது. அந்தப் பொடியைக் காட்டிக் கவிதை காலாவதி என்று சொல்லும் நண்பர் ஒருவர், பத்து வருஷத்துக்கு ஒரு பெட்டி என்று தமிழ்க் கவிதையை அடுக்கிவைத்திருக்கிறார். அறுபதுகள், எழுபதுகள், தொண்ணூறுகள். அவருக்குக் காசோலை வேலை நன்றாக வந்திருக்கும். அதில் சில கவிதைகள் காறித்தான் போயிருக்கின்றன, ஆனால் அதற்கும் தாளின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. சென்ற மாதம் அச்சாகி மின்னிக்கொண்டு வந்த ஒரு தொகுப்பில் மூன்றாம் பக்கத்திலேயே தொண்டை பிறாண்டியது. இதை வாயில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், தப்பாகப் போனால் பழியும் வைத்துப் பார்த்தவனுக்குத்தான். அதற்குப் பயந்துதான் எல்லோரும் உறையைத் திருப்பிப் படிக்கிறார்கள்.

அக்காவுக்கு மூக்கு திரும்பி வந்து வருஷங்களாகிவிட்டன. முழுசாக இல்லை, முக்கால் பங்கு என்பாள். ஆனாலும் புதுக் கட்டி வந்தால் அப்பாவுக்கு ஒரு துண்டு போவது நிற்கவில்லை. காலில் புண், வெளியே போவதில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி அந்தத் துண்டை வாங்கும்போது மட்டும் மண்டியின் நிமிர்வு முதுகில் வந்துவிடும். 76 வயது. இந்த ஆடியில் வந்த கட்டியை அவர் கடித்தார், வெகுநேரம் வைத்திருந்தார், "நல்ல சரக்கு" என்றார். நானும் ஒரு துண்டை வாயில் போட்டிருந்தேன். துப்பிவிட்டு வந்து தண்ணீர் குடித்தும் போகவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவளும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள்.

"சரிப்பா" என்றாள்.

உள்ளே போய் அந்தக் கட்டியை எப்போதும்போல் உடைத்தாள், சுற்றினாள், சம்படத்தில் அடுக்கினாள். ஃபிரிஜ் கதவு மூடும் சத்தம் திண்ணை வரை கேட்கும். மறுநாள் கேக் பழைய கட்டியில்தான் நடந்தது. இரண்டு நாள் கழித்து நான் தண்ணீர் எடுக்க ஃபிரிஜ்ஜைத் திறந்தபோது அந்தச் சம்படம் மேல்தட்டில், மல்லிகைப் பூவுக்குப் பக்கத்தில் இருந்தது. திறந்து பார்த்தேன். காலண்டர் தாள் இல்லை.